பூங்காவுக்குள் அகப்பட்ட சுமைதாங்கி

எங்கள் ஓசூர்ப் பூங்காவைத் திறந்த நாளில் உள்ளே போனவர்களைவிட வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம். வெளியே நின்றவர்களில் நானும் ஒருத்தி. என் இட்லிக் கடை பூங்கா வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. சரோஜம்மாள் கடை என்றால் கெலமங்கலம் வரைக்கும் தெரியும். அடுப்பைவிட்டு நகராமலே அந்தப் பூங்காவின் நல்லது கெட்டது எல்லாம் என் காதுக்கு வந்துவிடும்.

அது ஐம்பத்தைந்தாம் வருஷம். எங்கள் பக்கம் மைசூருக்குப் போகுமா, மதராஸிலேயே இருக்குமா என்று என் கடையில் உட்கார்ந்து தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் தெலுங்கில் கேட்பார்கள், பாதிப்பேர் கன்னடத்தில் பதில் சொல்வார்கள், காபியை மட்டும் தமிழில் கேட்பார்கள். பஞ்சாயத்து பிரசிடெண்ட் ராமப்பன் அந்தச் சண்டைக்கு வரவில்லை. அவர் பெங்களூருக்குப் போய் லால்பாக் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதற்கப்புறம் அவருக்குத் தூக்கம் இல்லை. “எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் நாம பூங்காவோட போகணும்” என்றார்.

பெங்களூரிலிருந்து ஒரு தோட்ட மேஸ்திரியைக் கூட்டிவந்தார்கள். அவர் ஏரிக்கரை மேட்டில் ஒரு முளையை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, இன்னொரு நுனியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். அந்த வட்டத்துக்குள் எது அகப்பட்டதோ அது பூங்கா. புளியமரம் ஒன்று ஓரத்தில் அகப்பட்டது. தலைச்சுமைக்காரர்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை அகப்பட்டது. அந்தப் பாதையோரம் நின்ற சுமைதாங்கியும் அகப்பட்டது.

சுமைதாங்கி என்றால் பெரிய வேலைப்பாடு ஒன்றும் இல்லை. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்கே ஒரு கல். தோள் உயரம் இருக்கும். விறகுக் கட்டோ புளி மூட்டையோ தலையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் யாரையும் கூப்பிடாமல் தாமே அதன்மேல் சரித்து இறக்கலாம், மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். மேஸ்திரிக்கு அது பிடித்துப்போனது. சுண்ணாம்பு அடித்து, குறுக்குக் கல்லின்மேல் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டார். லால்பாக்கில்கூட இப்படி இல்லை என்று பிரசிடெண்ட் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

சுற்றிலும் மருதாணி வேலி, இரும்புக் கேட்டு, தண்ணீர் வராத ஒரு நீரூற்று, வாசலில் மூன்று பாஷையில் ஒரு போர்டு. புல்லில் நடக்கக்கூடாது, பூப் பறிக்கக்கூடாது, படுக்கக்கூடாது, மாடு கன்று ஓட்டிவரக்கூடாது, சுமையோடு உள்ளே வரக்கூடாது. என்ன செய்யலாம் என்று அதில் ஒரு வரி இல்லை. பெஞ்சுகளை நட்டநடு வெயிலில் போட்டிருந்தார்கள். மரத்தடியில் போட்டால் இலை விழுந்து அழுக்காகுமாம். சாயங்காலம் வரைக்கும் கொதிக்கிற சிமெண்ட் பெஞ்சில் எவன் உட்காருவான்? எங்கள் ஆட்கள் வேலிக்கு வெளியே, புளியமரத்தின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே மண்ணில் உட்கார்ந்தார்கள். உள்ளே கங்கப்பன் மட்டும் இருந்தார்.

கங்கப்பன் காவல்காரர். ஐம்பது வயது இருக்கும். கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ குக்கிராமம். வேலை போட்டுக் கொடுங்கள் என்று தானாக வந்து கேட்டாராம். வேறு யாரும் கேட்காததால் கிடைத்துவிட்டது. காக்கிச் சட்டையும் ஒரு ஊதலும் கொடுத்தார்கள். மண்வெட்டி வைக்கிற கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். சொந்தம் என்று அவரைத் தேடி ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கும் போகமாட்டார், உகாதிக்கும் போகமாட்டார். சாயங்காலம் என் கடைக்கு வந்து நாலு இட்லி வாங்கிக்கொண்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்த் தனியாகச் சாப்பிடுவார். “இங்கயே உக்காந்து சாப்பிடுங்கண்ணா” என்றால், “பூங்காவுல ஆளில்லாம இருக்கக்கூடாதும்மா” என்பார். அந்தப் பூங்காவில் ஆள் இருந்த நேரம் எது என்று எனக்கு வாய்வரைக்கும் வரும், அடக்கிக்கொள்வேன்.

அவருடைய வேலையே ஆட்களை விரட்டுவதுதான். சந்தை நாளில் தொரப்பள்ளிப் பக்கத்து விறகுக்காரிகளும் ராயக்கோட்டைப் பக்கத்துக் காய்கறிக்காரிகளும் பழக்கதோஷத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு சுமைதாங்கிக்கு வருவார்கள். கங்கப்பன் ஊதலை வாயில் வைப்பார். சத்தம் வராது. அப்புறம் எதிரே போய் நின்றுகொண்டு, “போங்கம்மா, சுமையோட உள்ள வரக்கூடாதாம். போர்டுல எழுதியிருக்குது” என்று தரையைப் பார்த்துச் சொல்வார். அவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி சபித்துவிட்டு என் கடைக்கு வந்து, “அக்கா, ஒரு கை புடி” என்பார்கள். இறக்கி ஏற்றி என் இடுப்புப் போய்விட்டது. எனக்கும் அந்த மனுஷன்மேல் கோபம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். விடிந்ததும் அவர் முதலில் சுமைதாங்கிக்குத்தான் போவார். அந்த இரண்டு தொட்டிகளையும் கட்டிப்பிடித்து இறக்கிக் கீழே வைப்பார். பிரசிடெண்டின் சைக்கிள் மணி கேட்டால் ஓடிப்போய் மறுபடி ஏற்றுவார். ஒருநாள் மாட்டிக்கொண்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாளும் இறக்கினார். அதோடு, வேலியைக் கத்தரித்த தழையைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கடைசியில் அந்தக் கல்லின்மேல் இறக்கிவைத்துவிட்டுச் சும்மா நிற்பார். குப்பைக்குழி பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு இந்த ஊர்வலம் என்று எனக்குச் சிரிப்பு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லை. கங்கப்பன் நனைந்துபோய் வந்து தாழ்வாரத்தில் ஒதுங்கினார். காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“ஏன் அண்ணா, தழைக்கட்டுக்கு எதுக்குத் தெனமும் தேரோட்டம் காட்டறீங்க?”

அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். “அது என் பொண்டாட்டி கல்லும்மா” என்றார்.

அவள் பெயர் சென்னம்மா. புருஷனும் பெண்டாட்டியுமாகப் புளி மூட்டை சுமந்து ஓசூர்ச் சந்தைக்கு வருகிறவர்கள். இந்த மேடு ஏறி முடிக்கும்போது அவளுக்குக் கழுத்து விட்டுப்போகுமாம். இறக்கலாம் என்றால் இறக்கி ஏற்ற ஆள் வேண்டும். “இங்க ஒரு கல்லு இருந்தா எவங்கிட்டயும் கெஞ்ச வேணாம்” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாளாம். யுத்த காலத்தில், தலைப்பிள்ளைக்கு ஏழு மாசம் இருக்கும்போது, இரண்டு நாள் ஜுரத்தில் போய்விட்டாள். பிள்ளை வயிற்றிலேயே போயிற்று.

வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்குச் சுமைதாங்கி நடவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இறக்காத பாரத்தோடு போனவள் அவள். வழிப்போக்கர் யாராவது அந்தக் கல்லில் சுமையை இறக்கும்போதெல்லாம் அவளுடைய பாரம் கொஞ்சம் குறையும் என்பார்கள். கங்கப்பன் கல் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிவந்து, அவள் கேட்ட அதே இடத்தில் நட்டார். பெயர் வெட்டச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் யார் நட்டது என்பதே ஊருக்கு மறந்துபோயிற்று. அவருக்கு அதில் குறை இல்லை. சனங்கள் இறக்கினால் போதும்.

“தமிழோ தெலுங்கோ கன்னடமோ, எறக்கறப்போ எல்லாருக்கும் அம்மான்னுதாம்மா வாயில வருது. நான் தூரமா குந்திக்கினு கேட்டுக்கினு இருப்பன். எம்புள்ள கூப்பிடல, ஊருப் புள்ளைங்களாச்சும் கூப்பிடுதுங்களேன்னு இருக்கும். இப்ப நானே ஊதல வெச்சிக்கினு தொரத்தறன்.” காலி டம்ளரைத் திண்ணையில் வைத்தார். “அந்தத் தொட்டிதான் எனக்குத் தாங்கல. மூட்டைன்னா வெச்சவங்க எடுத்துக்கினு போயிடுவாங்க. தொட்டிய யாரும் எடுக்கறதில்ல. ராப்பகலா அவ தலைமேலயே இருக்குது.”

பிரசிடெண்டிடம் சொல்லலாமே என்றேன். சாவுக் கல் என்று தெரிந்தால் பிடுங்கி ஏரியில் போட்டுவிடுவார்கள் என்றார். அது உண்மைதான். நானும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அன்றிலிருந்து விறகுக்காரிகளுக்குக் கை கொடுக்கும்போது எனக்கு இடுப்பு வலி பெரிதாகத் தெரியவில்லை.

தை மாசத்தில் சென்னம்மா இறந்த நாள் வந்தது. கங்கப்பன் தொட்டிகளை இறக்கி, கல்லைக் கழுவி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, ஒரு முழம் கனகாம்பரம் சுற்றினார். வருஷா வருஷம் செய்வதுதான். முன்பெல்லாம் வழிப்போக்கர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது அது வேலிக்குள், வெள்ளை அடித்து, பூச்செடிகளுக்கு நடுவே நிற்கிறது. பிரசிடெண்டின் தங்கை மங்கம்மா காற்று வாங்க வந்தவள் பார்த்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளை இல்லாமல் ஏச்சும் பேச்சும் கேட்டு நொந்தவள். அம்மன் என்று நினைத்து அப்படியே விழுந்து கும்பிட்டாள். சரியாகச் சித்திரையில் அவளுக்கு வாந்தி வந்தது. அவ்வளவுதான், ஊர் கிளம்பிவிட்டது.

செவ்வாய்க்கிழமை என்றால் விளக்கு, எலுமிச்சம்பழம், வளையல். பிரசிடெண்டே தன் கையால் தொட்டிகளை இறக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கங்கப்பன் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். அதுதான் முதல் தடவை. பூங்காவும் நிரம்பியது. குழந்தைகள் புல்லில் உருண்டன, கிழவிகள் பெஞ்சில் வெற்றிலை மடித்தார்கள், பூக்காரி கேட்டுக்குள்ளேயே கூடையை விரித்தாள். சாமி இருக்கிற இடத்தில் எந்தப் போர்டு செல்லும்? என் கடையில் மாவு போதவில்லை. பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் சாமி தலையில் யார் விறகுக்கட்டை வைப்பார்கள்? போர்டுக்குப் பயப்படாதவர்கள்கூட இப்போது பயந்தார்கள். தலைச்சுமைக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்று, சுமையோடேயே ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். கங்கப்பன் தழைக்கட்டைக் கொண்டுபோனால் பெண்கள் அதட்டினார்கள். முதலில் பொட்டு வைத்தவர் என்பதால் அவரையே பூசாரியாக இருக்கச் சொன்னார் பிரசிடெண்ட். மறுக்கத் தெரியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே அவ்வளவு ஒண்டியாக ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லை.

“வயித்துல இருக்கறத நல்லபடியா எறக்கிக் குடு தாயேன்னு கேக்கறாங்க” என்றார் ஒருநாள், இட்லிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு. “அவகிட்டப் போயி கேக்கறாங்களே சரோஜம்மா. அவளுக்கு அது ஒண்ணுதான கெடைக்கல.” பொட்டலத்தை வாங்கிப் பிரித்து இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினேன்.

ஆடி மாசம். ஆடிப் பண்டிகைக்காகச் சந்தை செவ்வாய்க்கிழமையே கூடிய நாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. உள்ளே பெண்கள் கூட்டம். மேட்டில் விறகுக்கட்டோடு முனிலட்சுமி ஏறி வந்தாள். தொரப்பள்ளிப் பக்கத்துக் கரியப்பனின் பெண்டாட்டி, எனக்குத் தெரிந்தவள்தான். வயிறு நன்றாகத் தெரிந்தது. நடை ஒரு தினுசாக இருந்தது. நான் அடுப்பிலிருந்து எழுந்து வருவதற்குள் அவள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கண் சொருகியது. உள்ளே இருந்து யாரோ, “சுமையோட வராத, அம்மன் இருக்கற எடம்” என்று சத்தம் போட்டார்கள்.

கங்கப்பன் தட்டைக் கீழே வைத்தார். வந்து கேட்டை அகலத் திறந்தார். அவள் முழங்கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நேரே கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“எறக்கும்மா” என்றார்.

“ஒத்து அண்ணா, வேணாம்” என்று அவள் பின்வாங்கினாள். “சாமி மேல எப்படி வெக்கறது? பாவம் வந்துடும்.”

“சாமி இல்லம்மா. என் பொண்டாட்டி சென்னம்மா. வயித்துப் புள்ளையோட செத்துப்போனா. நான்தான் நட்டன். ஒன்னாட்டம் வரவங்க எறக்கறதுக்குத்தான் நட்டன். எறக்கு.”

முனிலட்சுமி சற்று நேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு அடி முன்னால் வைத்து, எலுமிச்சம்பழமும் விளக்கும் உருண்டு விழ, கட்டை அந்தக் கல்லின்மேல் சரித்தாள். “அம்மா” என்றாள். அப்படியே கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் தண்ணீர்ச் சொம்போடு ஓடினேன்.

மங்கம்மாவும் அங்கேதான் இருந்தாள். ஐந்தாம் மாசம். வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு கல்லைவிட்டு விலகினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கங்கப்பன் அவள் பக்கம் திரும்பி, “பயப்படாதம்மா, அவ யாருக்கும் கெட்டது நெனச்சவ இல்ல” என்றார். அவள் காதில் விழவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். அவளுக்குப் பிறகு நல்லபடியாக ஆண்பிள்ளை பிறந்தது. ஆனாலும் அவள் பூங்காப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் பிரசிடெண்ட் கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டிவந்தார். சாவுக் கல்லையா என் தங்கச்சியைக் கும்பிட வைத்தாய் என்று கங்கப்பனைக் கன்னாபின்னாவென்று திட்டினார். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. “கும்பிடச் சொல்லி அவரு யாரையும் கூப்பிடல, நீங்களேதான் கும்பிட்டீங்க” என்று சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினேன். கல்லைப் பிடுங்கி, மாடு கட்டி இழுத்து, வேலிக்கு வெளியே சாலையோரம் போட்டுவிட்டுப் போனார்கள். ஏரி தூரம் என்று சோம்பல்பட்டார்களோ, சாவுக் கல்லை அதற்குமேல் தொடப் பயந்தார்களோ. கங்கப்பன் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அழவில்லை.

அடுத்த சந்தைக்கு முனிலட்சுமியின் புருஷன் கரியப்பன் நாலு ஆட்களோடு வந்தான். யாரையும் கேட்கவில்லை. கல் கிடந்த இடத்திலேயே குழி தோண்டினான். கங்கப்பன் வேலிக்கு உள்ளே நின்றபடியே, “பொம்பளைங்க தோளு ஒசரத்துக்கு நடுப்பா” என்று மட்டும் சொன்னார். நட்டு முடித்து மண்ணை மிதித்ததும் முனிலட்சுமிதான் முதல் கட்டை இறக்கினாள். அவளுக்கு அந்த மாசமே பெண் பிறந்தது.

பூங்கா பழையபடி காலியாகிவிட்டது. சாவுக் கல் நின்ற இடம் என்று, எப்போதாவது காற்று வாங்க வரும் தாசில்தார் ஆபீஸ் வீட்டுப் பெண்கள்கூட வருவதை நிறுத்திவிட்டார்கள். அங்கே காவலுக்கு வேறு யாரும் வர மறுத்ததால் கங்கப்பனின் வேலை மட்டும் போகவில்லை. வெயிலில் பெஞ்சுகள் கொதித்தன. வேலிக்கு வெளியே கல்லடியில் சனங்கள் சுமையை இறக்கி, உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, என் கடையில் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அங்கே போர்டும் இல்லை, பெஞ்சும் இல்லை. எங்கள் ஊருக்கு உண்மையான பூங்கா அதுதான் என்று நான் வருகிறவர்களிடம் சொல்வேன். கங்கப்பனுக்குத்தான் அங்கே வந்து உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. இருட்டும்வரை பூங்காவை விட்டு வெளியே வரக்கூடாது என்று இப்போது புது உத்தரவு. இருட்டிய பிறகு சுமையோடு யார் வருகிறார்கள்?

ஒரு சந்தை நாள் சாயங்காலம் காபியை எடுத்துக்கொண்டு நானே உள்ளே போனேன். கங்கப்பன் மருதாணி வேலியை ஒட்டி, கல் இருக்கும் பக்கமாக முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மூட்டையை இறக்கி “அம்மா” என்று மூச்சு விட்டாள். கங்கப்பன் மெதுவாக, “ம்” என்றார். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு ஆண்பிள்ளை இறக்கினான். அவனுக்கும் ஒரு “ம்”.

“யாருக்கண்ணா ம் கொட்டறீங்க?” என்று கேட்டேன்.

அவர் காபியை வாங்கிக்கொண்டார். “கூப்பிடறாங்களேம்மா” என்றார். “அவளால பதில் சொல்ல முடியாது. அதான் நான் சொல்றன்.”